தொங்கு கதிரையில் இருபத்திரண்டு நிமிடம்

இந்த வருடம் மே மாதத்தில் ஒருநாள் பின்னேரம், என் வீட்டு விறாந்தையில் நான்கு வெள்ளைக்காரர் இருந்து தேத்தண்ணீர் குடித்தார்கள். திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் எனக்கு வாடகை அறைகள் இரண்டு உண்டு. முப்பது வருடம் எழுதுவினைஞராகக் கோப்பு தூக்கிவிட்டு ஓய்வு பெற்றபோது கட்டியவை. சித்திரையிலிருந்து புரட்டாதிவரைக்கும் கடல் அடங்கிக் கிடக்கும், ஆட்களும் வருவார்கள். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அந்த வெயிலுக்குள் இருந்துகொண்டு அவர்கள் கதைத்ததெல்லாம் பனியைப் பற்றித்தான்.

பனிச்சறுக்குக்குப் போகிறவர்களை மலைமேலே ஏற்றும் தொங்கு கதிரைகளில் எது நீளமானது, யார் அதிக நேரம் தொங்கினது என்பதுதான் விவாதம். ஒருவர் பன்னிரண்டு நிமிடம் என்றார். மற்றவர் கனடாவில் பதினாறு என்றார். எங்கள் ஆட்கள் தங்கள் சீனி வருத்தத்தின் அளவைச் சொல்லி ஒருவரை ஒருவர் வெல்லப் பார்ப்பார்களே, அதே மாதிரி. அவர்களில் ஒரு பெண், நான் கோப்பைகளை எடுக்க வந்தபோது, பகிடியாகத்தான், "நீங்கள் எவ்வளவு நேரம் போயிருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இருபத்திரண்டு நிமிடம். சுவிஸில்" என்றேன்.

அந்தக் கூட்டத்தில் நான்தான் முதலாவது. பிறகு ஒருவர் கை தட்டினார். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். ஏன் ஏறினேன் என்று அவர்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

எனக்கு ஒரே ஒரு தம்பி. என்னைவிடப் பதினான்கு வயது இளையவன். எங்கள் அப்பா துறைமுகத்தில் வேலை செய்து, அவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும் நானும்தான் அவனை வளர்த்தோம். அவன் சுவிஸுக்குப் போய் அகதி வழக்குப் போட்டான். வழக்கு இழுபட்டது. அங்கே தங்கியிருக்கவிடும் அனுமதியை எங்கள் ஆட்கள் விசா என்றுதான் சொல்வார்கள். அந்த விசா இல்லாமல் வருடக்கணக்காக ஒரு மலைக்கிராமத்தில் பாத்திரம் கழுவினான், பனி வழித்தான். வெளிக்கிட்டு வந்தால் திரும்பப் போக ஏலாது. ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவுடன் போனில் கதைப்பான். அம்மா கேட்பது ஒரே கேள்விதான். "விசா வந்திட்டுதோ தம்பி?" அவன் சொல்வதும் ஒரே பதில்தான். "வரும் அம்மா."

அது வருவதற்கு முதல் அம்மா இறந்துவிட்டார். ஐப்பசி மாதம், மழை தொடங்கிய கிழமை. காலையில் குளிக்கப் போனவர் கிணற்றடியில் விழுந்தார். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். தம்பிக்குச் சொல்வதா, இல்லையா? எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. விசா இல்லாமல் வெளியில் இருக்கிற பிள்ளைக்குப் பெற்றோரின் சாவைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவன் என்ன செய்வான்? வரவும் ஏலாது, இருக்கவும் ஏலாது. எங்கள் ஒழுங்கையிலேயே ஒருத்தன் தகப்பன் செத்ததைக் கேள்விப்பட்டு, வழக்கைக் குப்பையில் போட்டுவிட்டு விமானம் ஏறி வந்தான். வந்தவன் திரும்பிப் போகவே இல்லை. இப்போது கந்தளாயில் லொறி ஓட்டுகிறான்.

"சொல்லவேண்டாம்" என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை. அதுதான் சரி என்று மாதா கோயில் சுவாமியும் தலையாட்டினார்.

சொல்லாமல் விடுவது லேசான காரியம் என்று நினைக்கவேண்டாம். எங்கள் ஊரில் செத்தவீட்டுக்கு முதலில் வருகிறவன் வீடியோக்காரன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பார்த்து அழுவதற்காக எல்லாவற்றையும் நேரலையில் விடுவான். நான் அவனைப் படலையிலேயே திருப்பி அனுப்பினேன். அஞ்சலி நோட்டீஸ் ஒட்டவிடவில்லை. ஒரு மருமகள்முறைக்காரி சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று போனைத் தூக்கினாள். அதைப் பறித்து என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். வீடியோ எடுக்காத செத்தவீடு என்று ஊர் ஒரு மாதம் கதைத்தது. தாயை நாய் மாதிரிப் புதைத்துவிட்டாள் என்றும் சொன்னார்களாம். சொல்லட்டும் என்று இருந்தேன்.

அடுத்த ஞாயிறு தம்பி எடுத்தான். அம்மாவுக்குத் தடிமன், குரல் அடைத்துவிட்டது என்றேன். அதற்கடுத்த ஞாயிறு, அம்மா பூசைக்குப் போய்விட்டார். மூன்றாவது ஞாயிறு, போன் வெளிச்சம் கண்ணுக்குக் கூடாது என்று டொக்டர் சொன்னதாகச் சொன்னேன். நாலாவது ஞாயிறு அவன் குரல் மாறிவிட்டது. "அக்கா, அம்மாக்கு என்னவோ செய்யுது. மறைக்கிறியளோ?" என்றான்.

அன்றைக்குத்தான் அம்மாவின் பழைய குரல் செய்திகள் நினைவுக்கு வந்தன. அம்மாவுக்கு எழுத்து வராது. பொத்தானை அமத்திக்கொண்டு கதைத்து அனுப்பப் பழக்கியிருந்தேன். அவருடைய போனில் அப்படிப் பதினான்கு கிடந்தன. எல்லாம் அவனுக்கு முன்பு போனவைதான், ஆனால் அவன் போனைத் தொலைத்துப் புதிது வாங்கியதற்கு முந்தியவை, நினைவிருக்காது என்று நம்பினேன். பழையதை அப்படியே திருப்பி அனுப்பினால் பழசு என்று போனே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஒரு போனில் போட்டு, மற்றப் போனில் பதிந்தேன். வெளிச்சத்தம் விழக்கூடாதென்று அம்மாவின் அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு பதிந்தேன். ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி அலுமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, செத்த தாயின் குரலுக்காக மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

முதலில் அனுப்பியது, "சாப்பிட்டனியோ தம்பி? குளிருக்க தொப்பி போடு" என்பது. அவன் அழுதுவிட்டு, "குரல் கரகரக்குது, அம்மான்ர போன் பழுதாப் போச்சுது" என்றான். இரண்டு மாதத்தில், ஊருக்கு வந்த ஒருவரிடம் அம்மாவுக்குப் புதுப்போன் கொடுத்துவிட்டான். அது இப்போதும் பெட்டி உடைக்காமல் இருக்கிறது.

இப்படியே ஒன்றரை வருடம். நேரே கதைத்தால் அம்மாவுக்குக் காது பிடிபடாது, செய்தியைச் சத்தமாகப் போட்டுத்தான் கேட்பார் என்று சொல்லிவைத்தேன். பதினான்கையும் சிக்கனமாகச் செலவழித்தேன். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் பொருந்தும் என்று மனப்பாடம். பிறகு ஒருநாள் காலையில் அவன் எடுத்துக் கத்தினான். "அக்கா! விசா கிடைச்சிட்டுது! அம்மாட்டக் குடுங்கோ!"

அம்மா குளிக்கிறார் என்றேன். வாயில் வந்தது அதுதான். சொன்ன பிறகுதான் கிணற்றடி ஞாபகம் வந்தது. "அப்ப நான் வொய்ஸ் போடுறன், அம்மாவைக் கேக்கச் சொல்லுங்கோ" என்றான். போட்டான். "அம்மா, எனக்கு விசா கிடைச்சிட்டுது. இனிப் பயமில்லை. நீங்கள் கேட்டுக் கேட்டு இருந்தது கிடைச்சிட்டுது அம்மா." முடிவில் அவன் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். விசா கிடைத்துவிட்டது, மறைக்க இனிக் காரணமில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்ட பிறகு எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு ஒருநாள் சந்தோஷமாக இருக்கட்டும், நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். அலுமாரியைத் திறந்து ஒன்பதாவதை எடுத்தேன். "நல்லதடா தம்பி. மாதா கைவிடேல்ல. நான் நேர்த்தி வச்சனான். இனி நிம்மதியா நித்திரை கொள்ளு." அச்சொட்டாகப் பொருந்தியது. அனுப்பினேன். பிழை விட்டது அந்த இடத்தில்தான். முதலில் மறைத்ததற்கு ஊரின் வழக்கம் இருந்தது, சுவாமியின் தலையாட்டல் இருந்தது. இதற்கு நான் மட்டும்தான்.

நாளைக்கு என்றது மாதக்கணக்காக நீண்டது. அவனுக்கு அந்த மலையிலேயே நல்ல வேலை கிடைத்தது. தொங்கு கதிரை புறப்படுகிற இடத்தில் நின்று, ஏறத் தெரியாதவர்களைப் பிடித்து ஏற்றிவிடுகிற வேலை. எங்கள் இருவரையும் வரச்சொல்லிக் கடிதம் அனுப்பினான். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, நான் மட்டும் வருகிறேன் என்றேன். முகத்தைப் பார்த்துச் சொல்வதென்று முடிவெடுத்துத்தான், மாசி மாதம் விமானம் ஏறினேன்.

அவன் வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் ஒரு கட்டில், புது மெத்தை, தலைமாட்டில் மாதா படம், சுவரில் ஒரு கம்பளிக் கோட்டு. "அம்மாக்கு அளவு சரியா இருக்குமோ தெரியேல்ல. கோடையில நான் வந்து கையோட கூட்டிக்கொண்டு வந்திடுவன்" என்றான். பத்து நாள் அந்தக் கட்டிலில்தான் படுத்தேன். ஒவ்வொரு நாளும் சொல்லத் தொடங்குவேன். அவன் சோறு போட்டுக்கொண்டு வருவான், அல்லது சிரிப்பான். நான் கோழை. வேறு சொல் இல்லை.

பதினோராம் நாள் அவனுக்கு லீவு. தன் வேலையிடத்தைக் காட்டக் கூட்டிப் போனான். கியூவில் நின்றவர்கள் சிரித்துச் சிரித்து ஏதோ கதைத்தார்கள். என்னவாம் என்று கேட்டேன். "தாங்கள் ஏறினதில எது ஆகலும் நீளமெண்டு கதைக்கினம் அக்கா. ஒவ்வொரு நாளும் இதே கதைதான். எங்கட இது பழசு, மெதுவாத்தான் ஓடும். மேல போக இருபத்திரண்டு நிமிஷம். இவையெல்லாம் தோத்துப் போவினம்." அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஏதோ தானே கட்டி எழுப்பியது போல.

இருபத்திரண்டு நிமிடம் என்று கேட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டில் சொன்னால் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் அடிப்பான், கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் ஓடுவான். அந்தக் கதிரையில் இரண்டு பேர்தான் இருக்கலாம். முன்னால் கம்பி போட்டுவிடுவார்கள். எழும்பிப் போக ஏலாது, விழுந்து புரள ஏலாது. சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைத்தேன். எழும்பிப் போக எனக்கும் ஏலாது என்பது அப்போது புத்தியில் படவில்லை.

"பின்னால வந்து முழங்காலில தட்டும், பயப்பிடாமல் இருங்கோ" என்று என் முழங்கையைப் பிடித்து இருத்தினான். கதிரை தூக்கியது. கம்பியை இறக்கினான். கால்கள் வெறும் வெளியில் தொங்கின. மூதூருக்கு லோஞ்சில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், கொட்டியாரக் குடாவின் அலைக்கு நான் பயந்ததில்லை. ஆனால் இங்கே சத்தமே இல்லை. தூண்களைக் கடக்கும்போது மட்டும் தலைக்குமேல் சில்லுகள் கடகடத்தன. ஒவ்வொரு தூணிலும் இலக்கம் எழுதியிருந்தது. ஐந்தாவதில் சொல்கிறேன் என்று நினைத்தேன். பிறகு எட்டாவதில். அவன் கீழே கையைக் காட்டி, எது பைன் மரம், எங்கே மான் வரும் என்று சொல்லிக்கொண்டு வந்தான். "எங்கட ஊர் மான் மாதிரி றோட்டில திரியாது" என்று சிரித்தான். பதினோராவது தூண் கடந்ததும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"தம்பி, அம்மா இல்லையடா. அம்மா செத்துப் போனா."

அந்த நேரம் பார்த்துக் கதிரை நின்றது. வடம் நின்று, நாங்கள் முன்னும் பின்னும் ஆடினோம். அவன் என்னைப் பார்க்கவில்லை. "ஆரோ ஏறேக்க விழுந்திட்டினம். ரெண்டு நிமிஷத்தில ஓடும்" என்றான். ஒவ்வொரு நாளும் பயணிகளுக்குச் சொல்கிற குரல் அது. பிறகு கையுறையைக் கழற்றி மடியில் வைத்தான்.

"எப்ப?"

சொன்னேன். இரண்டு வருடமும் நான்கு மாதமும். அவன் விரல்களை மடித்து எண்ணினான். காற்று அடித்தது. என் கண்ணீர் கன்னத்திலேயே குளிர்ந்து எரிந்தது. நான் வழக்கைச் சொன்னேன், லொறிக்காரனின் கதையைச் சொன்னேன், உன் நன்மைக்குத்தான் என்றேன். அவன் ஒன்றையும் கேட்டதாகத் தெரியவில்லை.

"அப்ப அந்த வொய்ஸ்?" என்றான். "விசா கிடைச்ச அண்டைக்கு வந்தது?"

"பழசடா. அம்மான்ர போனில கிடந்தது."

கதிரை மறுபடி அசைந்து ஓடத் தொடங்கியது. அவன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தான். தூக்கப்போகிறான், குதிக்கப்போகிறான் என்று நினைத்து அவன் கோட்டை இறுக்கிப் பிடித்தேன். அவன் குதிக்கவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தான். இன்னும் மூன்று தூண்கள் போயின.

"அப்ப எனக்கு விசா கிடைச்சது அம்மாக்குத் தெரியாது" என்றான்.

அம்மா செத்ததைக்கூட அவன் என்றோ ஒருநாள் தாங்கியிருப்பான். அந்த ஒரு விஷயத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டுதான் அவன் அந்தப் பனியில் நின்றிருக்கிறான். வேலை தொடங்கமுதல் ஒவ்வொரு காலையும் அந்தக் குரலைப் போட்டுக் கேட்பதாக முந்தின நாள்தான் எனக்குச் சொல்லியிருந்தான். கியூவில் பெருமை பேசியவனின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அம்மா கேட்டுக் கேட்டு இருந்த கேள்விக்குப் பதில் கொடுத்துவிட்ட முகம் அது. அதை நான்தான் கொடுத்தேன், நானே பறித்தேன்.

மேலே வந்ததும் கம்பியைத் தூக்கினான். "இப்ப எழும்புங்கோ. நேரா நடவுங்கோ" என்று முழங்கையைப் பிடித்து இறக்கினான். பிறகு கீழே இறங்கும் கதிரையில் என்னை இருத்திக் கம்பியைப் போட்டான். தான் ஏறவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அவன் அங்கிருந்த போனை எடுத்துக் கீழே யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தான். தனியாகவே இறங்கினேன். அடியில் வந்தபோது கதிரை தானாக மெதுவாகியது, முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்து இறக்கினார். வயதான ஒரு பொம்பிளை வருகிறார், மெதுவாக விடு என்று சொல்லத்தான் அவன் கதைத்திருக்கிறான்.

அவன் பொழுதுபடத்தான் வந்தான். மிச்சம் நான்கு நாளும் காலையில் வேலைக்குப் போனான், வந்து சமைத்து மேசையில் வைத்தான். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். விமான நிலையத்தில் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால், மேலே அந்தக் கம்பளிக் கோட்டு மடித்து வைத்திருந்தது. திருகோணமலை வெக்கைக்கு அதை யார் போடுவது? அம்மாவின் அலுமாரியில் மாட்டிவைத்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரவில்லை.

ஆவணியில் இறக்கக்கண்டியிலிருந்து மீன் கொண்டுவருகிறவர், "என்ன அக்கா, தம்பி வந்து நிக்கிறார், நீங்கள் சொல்லவேயில்லை" என்றார். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் கண்டாராம். சொந்த வீடு இருக்க, ஹோட்டலில். மீனை அப்படியே போட்டுவிட்டு ஓட்டோ பிடித்தேன். ஹோட்டலுக்குப் போகவில்லை. அம்மாவைப் புதைத்த சேமக்காலைக்குப் போனேன்.

அங்கேதான் நின்றான். அம்மாவின் சிலுவைக்கு முன்னால், முழங்காலில் இருந்து, போனைச் சிலுவையோடு ஒட்டப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவனுடைய குரல்தான் கேட்டது, போனுக்குள்ளிருந்து. "அம்மா, எனக்கு விசா கிடைச்சிட்டுது. இனிப் பயமில்லை. நீங்கள் கேட்டுக் கேட்டு இருந்தது கிடைச்சிட்டுது அம்மா." மூக்கை உறிஞ்சும் சத்தத்தோடு அது முடிந்தது. அவன் போனை எடுக்கவில்லை. பதில் வருவதற்குக் காத்திருக்கிறவன் மாதிரிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.

பிறகு எழும்பி, மண்ணைத் தட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். என்னைக் கண்டும் திடுக்கிடவில்லை. மெலிந்திருந்தான்.

"அக்கா, ஒண்டு கேக்கவேணும்" என்றான். "அம்மா நல்லதடா தம்பி எண்டு சொன்னது. மாதா கைவிடேல்ல எண்டது. அது உண்மையா எதுக்குச் சொன்னது?"

பொய் சொல்ல எனக்கு நன்றாக வரும். அன்றைக்குச் சொல்லவில்லை.

"உன்ர கடைவாய்ப் பல்லு புடுங்கினதுக்கு" என்றேன். "மூண்டு நாள் நித்திரை இல்லாமல் கிடந்தனியே. நோ நிண்டிட்டுது எண்டு நீ சொல்ல, அம்மா போட்டது."

அவன் கன்னத்தில் கையை வைத்தான். உள்ளே நாக்கால் அந்த இடத்தைத் தேடுவது வெளியில் தெரிந்தது.

"ஓம்" என்றான். "சரியா நொந்தது."

அவ்வளவுதான். கன்னத்தில் வைத்த கையை எடுக்காமலே றோட்டைக் கடந்து, நின்ற ஓட்டோவில் ஏறி நிலாவெளிப் பக்கம் போனான்.